விசில் வந்தால் அடுப்பு அணைந்துவிடாது

“மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதே, கொட்டிவிடு.” கோபத்தில் கொதிப்பவருக்கு நாம் சொல்லும் அறிவுரை இது. “மனசு சரியில்லையா? விடு, சரியானதும் பார்த்துக்கொள்ளலாம்.” சோர்ந்து கிடப்பவருக்கும் அஞ்சி ஒதுங்குபவருக்கும் நாம் சொல்லும் ஆறுதல் இது. ஒன்று உடனே செய்யச் சொல்கிறது, மற்றது செய்யாமலிருக்கச் சொல்கிறது. கேட்பதற்கு எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள். உணர்ச்சி என்பது நெஞ்சுக்குள் தேங்கும் நீர், நடத்தை என்பது அது வெளியே வழியும் வாய்க்கால் என்ற நம்பிக்கையே அந்தத் தாய். தேங்கியிருப்பது முதலில் தீரவேண்டும், அதற்குப் பிறகுதான் கையும் காலும் வாயும் வேறு மாதிரி நடக்கும் என்று முடிவுகட்டிவிடுகிறோம். படித்தவர், படிக்காதவர், மனநலம் பற்றி வீடியோ போடுகிறவர், பக்கத்து வீட்டுப் பாட்டி என்று எல்லோரும் ஒத்துப்போகும் இந்தக் கருத்தை மறுப்பதற்காகவே இந்தக் கட்டுரை. கடந்த நூறு ஆண்டுகளில் செய்யப்பட்ட சோதனைகளும் சிகிச்சைகளும் வேறு திசையைக் காட்டுகின்றன. உணர்ச்சிக்குத் தீனி போடுவதே நடத்தைதான். தீனியை மாற்றினால் உணர்ச்சியும் மாறத் தொடங்கும். மனம் சரியாவதற்காக நடத்தை காத்திருக்க வேண்டியதில்லை. பல நேரங்களில் நடத்தை மாறுவதற்காகத்தான் மனம் காத்திருக்கிறது.

பொதுக்கருத்து இவ்வளவு இயல்பாகப் படுவதற்குக் காரணம், அது நம் பேச்சிலேயே ஊறிக்கிடப்பதுதான். கோபம் பொங்குகிறது, கொதிக்கிறது, வெடிக்கிறது. துக்கம் தொண்டையை அடைக்கிறது, கண்ணில் முட்டுகிறது. அதை அடக்குகிறோம், கொட்டுகிறோம், அழுது தீர்க்கிறோம். சமையலறைக்குப் பிரஷர் குக்கர் வந்தபிறகு உவமை முழுமை பெற்றுவிட்டது: விசில் வராவிட்டால் குக்கர் வெடிக்கும், கொட்டாவிட்டால் மனிதன் வெடிப்பான். ஆனால் அதே குக்கரின் முன்னால் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். முதல் விசில் வந்ததும் அது அடங்கிவிடுகிறதா? சில நிமிடத்தில் அடுத்த விசிலுக்குத் தயாராகிவிடுகிறது. அடுப்பு எரியும்வரை விசில் வந்துகொண்டேதான் இருக்கும். அதை அடங்கவைப்பது அடுப்பின் திருகை மூடும் கை. நம் மொழியிடமே இதற்கு வேறு சொல்லும் இருக்கிறது. கோபம் ஆறுகிறது என்கிறோம், மனம் ஆறவில்லை என்கிறோம், துக்கம் கேட்கப் போனால் ஆறுதல் சொல்கிறோம். பால் ஆறுவதற்கும் அதே சொல்தான். பொங்கும் பாலைத் தணிக்க யாரும் பாத்திரத்தைக் கவிழ்ப்பதில்லை, அடுப்பிலிருந்து இறக்கிவைக்கிறார்கள். கொட்டுவது என்ற உவமையைப் பிடித்துக்கொண்டு ஆறவைப்பது என்ற உவமையை நாம் மறந்துவிட்டோம்.

கொட்டித் தீர்க்கும் கொள்கைக்கு மருத்துவ மதிப்பைத் தேடித் தந்த நகரம் வியன்னா. 1895இல் யோசஃப் பிராயரும் சிக்மண்ட் ஃபிராய்டும் ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுகளை நூலாக வெளியிட்டார்கள். வெளிவர வழியில்லாமல் நின்றுபோன உணர்ச்சி நோய்க்குறியாக உருமாறுகிறது, அதை நினைவுக்குக் கொண்டுவந்து வெளியேற்றினால் குறி மறையும் என்பது அவர்களுடைய மையக் கருத்து. துன்பியல் நாடகம் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியபோது ஆண்ட ‘கதார்சிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லையே இந்த முறைக்கும் சூட்டினார்கள். நீராவி எஞ்சின்கள் உலகை இழுத்துக்கொண்டிருந்த நூற்றாண்டு அது. மனத்தையும் கொதிகலனாகக் காண்பது அந்தக் காலத்துக்கு எளிதாக இருந்தது. ஃபிராய்டே பின்னர் அந்த முறையைக் கைவிட்டு, மனத்தில் தோன்றுவதைத் தடையின்றிச் சொல்லவைக்கும் முறைக்குப் போய்விட்டார். சிகிச்சை போனது, உவமை தங்கிவிட்டது. 1970இல் ஆர்தர் யானோவ் என்ற அமெரிக்க உளவியலாளர் குழந்தைப்பருவ வலியைக் கூச்சலிட்டு வெளியேற்றும் சிகிச்சையைப் பற்றி நூல் எழுதினார். பாடகர் ஜான் லெனனே அவரிடம் சிகிச்சைக்குப் போனார். இன்று டோக்கியோவிலிருந்து பெங்களூரு வரை, பணம் கட்டிவிட்டு பாட்டில்களையும் பழைய டிவிகளையும் அடித்து நொறுக்கும் அறைகள் இருக்கின்றன. நூற்றிருபது ஆண்டுக்கு மேலாக இந்த யோசனை விலைபோகிறது. அது வேலை செய்கிறதா என்ற கேள்வியைத்தான் நாம் கேட்கத் தவறிவிட்டோம்.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட சோதனையை அருகிலிருந்து பார்ப்பது நல்லது. கல்லூரி மாணவர்கள் 600 பேர், பாதி ஆண்கள், பாதி பெண்கள். ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை எழுதுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மாணவர் அதைத் திருத்தியதாகச் சொல்லி, மட்டமான மதிப்பெண்ணோடும், நான் படித்த மிக மோசமான கட்டுரைகளில் இதுவும் ஒன்று என்ற பொருளில் எழுதப்பட்ட குறிப்போடும் தாள் திரும்பி வருகிறது. கோபம் மூட்டியாயிற்று. இனி மூன்று பிரிவு. ஒரு பிரிவினர் கையுறை மாட்டிக்கொண்டு, குத்துச்சண்டைப் பையைக் குத்துகிறார்கள். கட்டுரையைத் திட்டியவரின் படம் என்று சொல்லப்பட்ட ஒன்று திரையில் தெரிகிறது, அவரையே நினைத்துக் குத்தச் சொல்கிறார்கள். இரண்டாம் பிரிவினரும் அதே பையைக் குத்துகிறார்கள், ஆனால் உடலை வலுவாக்குவதை நினைத்துக்கொண்டு. மூன்றாம் பிரிவினர் எதுவும் செய்யவில்லை. இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு ஒரு போட்டி: தோற்பவரின் காதில் இரைச்சல் பாய்ச்சலாம். எவ்வளவு உரக்க, எவ்வளவு நேரம் என்பதை வென்றவர் முடிவு செய்யலாம். எதிரில் இருப்பவர் கட்டுரையைத் திட்டிய அதே ஆள் என்று அவர்களிடம் சொல்லப்படுகிறது.

கொட்டும் கொள்கை சரியென்றால், திட்டியவரை நினைத்து ஆசைதீரக் குத்தியவர்கள்தான் சாந்தமாக இருந்திருக்கவேண்டும். ஆனால் அவர்களிடம்தான் கோபம் அதிகமாக இருந்தது. எதிராளியின் காதில் கடுமையாக இரைச்சலைப் பாய்ச்சியவர்களும் அவர்கள்தான். சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரையும்விடக் குறைவாகத் தாக்கினார்கள். இது ஒற்றைச் சோதனையின் விசித்திரம் என்று ஒதுக்கவும் வழியில்லை. அவமதிக்கப்பட்டவர்களைப் பத்து நிமிடம் ஆணி அடிக்கவைத்துப் பார்த்த சோதனை 1959இலேயே நடந்திருக்கிறது. ஆணி அடித்தவர்களிடம் பகைமை குறையவில்லை, கூடியிருந்தது. 2024இல் சோஃபி கியர்விக்கும் புஷ்மனும் சேர்ந்து 154 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற 10,189 பேரின் தரவுகளை, ஒன்றாகத் தொகுத்து ஆராய்ந்தார்கள். உடலின் படபடப்பைக் குறைக்கும் செயல்கள், அதாவது ஆழ்ந்து மூச்சு விடுவது, தியானம், யோகா, தசைகளைத் தளர்த்துவது போன்றவை கோபத்தைத் தணித்தன. படபடப்பைக் கூட்டும் செயல்களை மொத்தமாக எடுத்துப் பார்த்தால் கோபத்தைத் தணிக்கவில்லை. தனியாக ஓடுவதுகூட அதை ஏற்றும் போக்கையே காட்டியது. அடுப்பைக் குறைத்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. விசிலைத் தட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

“ஆனால் கத்தித் தீர்த்தபிறகு மனசு லேசாகிறதே, அது பொய்யா?” என்பதுதான் உடனே வரும் மறுகேள்வி. பொய் இல்லை, லேசாகத்தான் இருக்கிறது. சொறிந்தால் சிரங்குக்கும் சுகமாகத்தான் இருக்கிறது. அந்தச் சுகத்திலேயே சிக்கல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு செயலுக்குப் பின்னால் சுகம் வந்தால், அந்தச் செயலை உடல் மறுபடி தேடும். எந்தப் பழக்கமும் இப்படித்தான் வேர்விடுகிறது. மனைவியிடம் கத்தியவுடன் ஒருவருக்கு நெஞ்சு லேசானால், அடுத்தமுறை நெஞ்சு கனக்கும்போது கை தானாகக் கத்தலை நோக்கித்தான் நீளும். அவர் அன்றைய கோபத்தைத் தீர்த்துக்கொண்டதாக எண்ணுகிறார். உண்மையில் கோபிப்பதற்கு ஒரு நாள் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார். அதோடு, கத்தும்போது நாம் வெறுமனே கத்துவதில்லை. நடந்ததைத் திரும்பச் சொல்கிறோம், அதற்கு முன் நடந்ததையும் சேர்த்துக்கொள்கிறோம், பத்து ஆண்டுக்கு முந்திய கல்யாணப் பந்தியில் நடந்த அவமானம்வரை இழுத்துவருகிறோம். ஒவ்வொரு சொல்லும் அடுப்பில் வைக்கும் விறகு. கேட்கும் நண்பர் “அவன் அப்படித்தான்” என்று ஒத்து ஊதினால் இன்னொரு விறகு. இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக அடித்து, அனுப்பும் முன் மறுபடி படித்து, இன்னும் இரண்டு வரி கூர்மையாகச் சேர்ப்பவரின் கோபம் அந்த அரைமணி நேரத்தில் குறைந்திருக்குமா என்று யாரும் தன்னையே கேட்டுக்கொள்ளலாம்.

உணர்ச்சி முன்னே, செயல் பின்னே என்ற வரிசையையே கேள்விக்குள்ளாக்கியவர் வில்லியம் ஜேம்ஸ். 1884இல் எழுதிய கட்டுரையில், கரடியைக் கண்டு பயந்து ஓடுகிறோம் என்று எல்லோரும் நினைப்பதற்கு மாறாக, ஓடுகிற உடலின் மாற்றங்களை உணர்வதே பயம் என்று அவர் வாதிட்டார். டென்மார்க்கின் கார்ல் லாங்கே தனியாகவே இதையொத்த முடிவுக்கு அடுத்த ஆண்டு வந்தார். ஜேம்ஸ் ஒரேயடியாக மறுபக்கம் சாய்ந்துவிட்டார் என்று வால்டர் கேனன் 1927இல் காட்டியதும் நியாயமே. உடல்மாற்றம் மட்டுமே உணர்ச்சி என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இந்தச் சண்டையிலிருந்து நிலைத்த உண்மை ஒன்று உண்டு. உணர்ச்சியும் உடலும் செயலும் வட்டமாகச் சுழல்கின்றன. வட்டத்துக்கு ஒரே வாசல் என்று எதுவும் இல்லை. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டையும் சேர்த்து வைத்த பெயர் மெய்ப்பாடு. அது இலக்கியத்துக்கான இலக்கணம், உளவியல் நூல் அன்று. என்றாலும் உணர்ச்சியை மெய்யில் படுவதாகவே பெயரிட்ட ஒரு மொழியில், உடலை வேறு விதமாக இயக்கினால் உணர்ச்சியும் அசையும் என்பது அந்நியமான யோசனையாக இருக்கத் தேவையில்லை.

பயத்தில் இந்த வட்டம் தெளிவாகத் தெரிகிறது. நாய்க்குப் பயந்தவர் தெருவை மாற்றிப் போகிறார். அன்றைக்கு நெஞ்சு படபடப்பு அடங்குகிறது. அந்த நிம்மதி “சுற்றிப் போனதால்தான் தப்பித்தேன்” என்று அவருக்கே தெரியாமல் பாடம் நடத்துகிறது. அந்தத் தெரு நாய் எதுவும் செய்யாது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை. பயம் போகட்டும், பிறகு அந்தத் தெருவில் போகிறேன் என்றால் அந்த நாள் வரப்போவதில்லை. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். முயலைப் பற்றி அவனிடம் நல்லபடியாகப் பேசிப் புரியவைக்க அவர் முயலவில்லை. அவன் பிடித்த தின்பண்டத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டிலிருந்த முயலை அறையின் தொலைவில் வைத்தார்கள். நாள் போகப்போக அருகே, இன்னும் அருகே. கடைசியில் முயல் தன் விரலைக் கடித்து விளையாடும்வரை அவன் விட்டான். அவனுடைய பயம் விவாதத்தில் தோற்கவில்லை. அவன் ஒவ்வொரு நாளும் செய்த செயல் அதைத் தேய்த்தது. அச்சக் கோளாறுகளுக்கு இன்று தரப்படும் சிகிச்சைகளில் உறுதியான சான்று கொண்டவற்றின் அடிப்படையும் இதே படிப்படியான நெருக்கம்தான்.

கோபமும் பயமும் போகட்டும், மனச்சோர்வில் என்ன செய்வது? “மனசு சரியானதும் பார்த்துக்கொள்ளலாம்” என்ற அறிவுரை மிகக் கருணையாகத் தோன்றுவதும், மிகப் பெரிய கேடு செய்வதும் இங்கேதான். சோர்வின் ஒரு நாளை அருகில் நின்று பார்ப்போம். காலையில் விழிப்பு வந்தும் ஒரு பெண் எழவில்லை. எழுந்து என்ன ஆகப்போகிறது என்று படுக்கிறாள். வாசல் தெளிக்காததால், தினமும் கோலத்தைப் பார்த்துவிட்டு இரண்டு வார்த்தை பேசும் எதிர்வீட்டு அக்காவோடு இன்று பேச்சில்லை. தோழியின் அழைப்பு வருகிறது. பேசத் தெம்பில்லை என்று எடுக்காமல் விடுகிறாள். மாலையில் கோயிலுக்குப் போகும் வழக்கம் இரண்டு வாரமாக விட்டுப்போயிற்று. ஒவ்வொன்றையும் விட்டபோது ஒரு சிறு பாரம் இறங்கியது. ஆனால் இரவு திரும்பிப் பார்க்கும்போது அந்த நாளில் மகிழ்ச்சிக்கு இடம் தந்திருக்கக்கூடிய எதுவுமே நடக்கவில்லை. “நான் எதற்கும் லாயக்கில்லை” என்ற எண்ணத்துக்கு அந்த வெற்று நாளே சாட்சியாக நிற்கிறது. நாளைக்கு எழுவது இன்னும் கடினம். 1970களில் சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரும் பீட்டர் லெவின்சனும் மனச்சோர்வைப் பற்றிச் சொன்னது சாரத்தில் இதுதான். சோர்வு செயலைக் குறைக்கிறது, குறைந்த செயல் வாழ்விலிருந்து வரும் ஊக்கத்தைக் குறைக்கிறது, ஊக்கம் குறையக் குறைய சோர்வு கூடுகிறது. இந்த வட்டத்தில் மனநிலை மாறட்டும் என்று காத்திருப்பது, கிணற்றில் விழுந்தவர் தண்ணீர் வற்றட்டும் என்று காத்திருப்பதைப் போன்றது.

இந்த விளக்கம் வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் அறிவாற்றல் சிகிச்சை கொடிகட்டிப் பறந்த காலத்தில், 1996இல் நீல் ஜேக்கப்சன் அதைப் பிரித்துப் பார்த்தார். சுமார் 150 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு முழுச் சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு அதில் நடத்தையை மட்டும் மாற்றும் பகுதி. எண்ணங்களைத் தொடாமல் நடத்தையை மட்டும் மாற்றியவர்கள் முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பின்தங்கவில்லை. 2016இல் பிரிட்டனில் 440 பேரிடம் நடந்த பெரிய சோதனையில், இளநிலை மனநலப் பணியாளர்கள் தந்த ‘நடத்தை ஊக்கச் சிகிச்சை’, தேர்ந்த உளவியலாளர்கள் தந்த சிகிச்சைக்குச் சளைத்ததாக இல்லை. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று கோவாவில் இருக்கிறது. விக்ரம் படேலும் சங்காத் அமைப்பின் ஆய்வாளர்களும் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், ஓரளவு கடுமையான அல்லது மிகக் கடுமையான மனச்சோர்வுடன் வந்த 495 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். சிகிச்சை தந்தவர்கள் மனநலப் படிப்பு எதுவும் படிக்காத உள்ளூர்க்காரர்கள். இதற்கென்று குறுகிய பயிற்சி பெற்றவர்கள். ஆறிலிருந்து எட்டுச் சந்திப்புகள், சில நோயாளியின் வீட்டிலேயே. விட்டுப்போன செயல்களை ஒவ்வொன்றாக நாளில் திரும்ப நுழைப்பதுதான் சிகிச்சையின் முதுகெலும்பு. மூன்று மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். இந்தச் சிகிச்சையையும் பெற்றவர்களில் 64 சதவீதம். ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பலன் நீடித்திருந்தது.

இங்கே நேர்மையாக எதிர்கொள்ளவேண்டிய ஆட்சேபம் ஒன்று வருகிறது: “உணர்ச்சியை அடக்கினால் அது உடம்பைத் தின்றுவிடும் அல்லவா?” ஓரளவு உண்மைதான். 1990களில் ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவென்சனும், மனத்தைக் கலக்கும் படங்களைப் பார்ப்பவர்களிடம் முகத்தில் எதுவும் தெரியாமல் மறைக்கச் சொன்னார்கள். முகம் அடங்கியது. உள்ளே இருந்த அருவருப்போ துயரமோ குறையவில்லை. உடலின் கிளர்ச்சி சில அளவுகளில் கூடியது. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பது தீர்வாகாது. ஆனால் நான் வாதிடுவது அதற்காக அல்ல. மூடியை அழுத்திப் பிடிப்பதும் அடுப்பைக் குறைப்பதும் வேறு வேறு. மார்ஷா லைனஹன் உருவாக்கி, 1993இல் நூலாக எழுதிய சிகிச்சைமுறையில் ‘எதிர்ச்செயல்’ என்ற பயிற்சி உண்டு. அதில் முதல் படி உணர்ச்சியை மறைப்பதல்ல. அதற்குப் பெயர் சொல்வது. “எனக்குக் கோபம் வந்திருக்கிறது, அது என்னைத் தாக்கச் சொல்கிறது.” அடுத்து, அந்த உணர்ச்சி நடந்ததற்குப் பொருந்துகிறதா, அதன்படி நடந்தால் நன்மையா என்று பார்ப்பது. இல்லையென்றால், அது தூண்டுவதற்கு எதிரான செயலை முழுமனதோடு செய்வது. கோபம் முன்னேறித் தாக்கச் சொன்னால் மெல்ல விலகுவது, குரலைத் தாழ்த்துவது, இறுக்கிய கையைத் திறப்பது. பயம் ஒதுங்கச் சொன்னால் அணுகுவது. சோர்வு படுக்கச் சொன்னால் எழுந்து நடப்பது. தப்பே செய்யாதபோதும் வெட்கம் ஒளியச் சொன்னால் தலை நிமிர்ந்து நிற்பது. உணர்ச்சியை ஒப்புக்கொண்டே அதன் கட்டளையை மட்டும் மறுப்பது அடக்குமுறை ஆகாது.

“அப்படியானால் இது நடிப்பு; மனத்தில் ஒன்று, செயலில் ஒன்று; போலி வாழ்க்கை” என்பார்கள். இதில் ஒரு எச்சரிக்கையை ஏற்றுக்கொள்கிறேன். சிரித்தாலே மகிழ்ச்சி வந்துவிடும் என்று விற்கப்படும் மலிவான உத்திகளை நம்பவேண்டாம். பேனாவைப் பல்லால் கடித்தவர்களுக்குக் கேலிச்சித்திரம் கூடுதல் வேடிக்கையாக இருந்தது என்ற 1988ஆம் ஆண்டின் புகழ்பெற்ற சோதனை, 2016இல் 17 ஆய்வகங்களில் மறுபடி செய்யப்பட்டபோது அதே விளைவைத் தரவில்லை. 19 நாடுகளில் 3,878 பேரிடம் நடந்து 2022இல் வெளிவந்த கூட்டாய்வில், முகத்தைப் புன்னகையாக மாற்றிக்கொள்வது மகிழ்ச்சியைச் சற்றே கூட்டியது, பேனா உத்தி உறுதியான பலனைத் தரவில்லை. ஆக, உதட்டை வளைப்பதால் கிடைப்பது சொற்பம். ஏன் சொற்பம் என்பதிலேயே என் வாதத்தின் பலம் இருக்கிறது. உதடு வளைந்ததால் உலகம் வேறு மாதிரி பதில் சொல்வதில்லை. தோழியின் அழைப்பை எடுத்தால் அந்தப் பக்கம் ஒரு மனிதர் பேசுகிறார். வாசலில் நின்றால் எதிர்வீட்டு அக்கா விசாரிக்கிறார். முயலின் அருகே போனால் அது கடிப்பதில்லை. நடத்தை மாற்றம் வாழ்க்கையிடமிருந்து புதிய பதிலைப் பெற்றுத் தருகிறது. மனம் அந்தப் பதிலைக் கேட்டுத்தான் மாறுகிறது. போலித்தனம் என்ற குற்றச்சாட்டும் நிற்காது. இரவு மூன்று மணிக்கு அழும் குழந்தையை எரிச்சலோடு எழுந்து, ஆனால் மென்மையாகத் தூக்கும் தாயைப் போலி என்று யாரும் சொல்லமாட்டோம். அவளுடைய எரிச்சல் வந்துபோவது. அவள் எப்படிப்பட்டவள் என்பதை அந்தக் கைகளே சொல்கின்றன. ஜப்பானில் ஷோமா மோரிடா கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய சிகிச்சையும் இந்த இடத்தில்தான் நின்றது: உணர்ச்சி நம் கட்டளைக்கு அடங்காது, அதை இருக்கிறபடி இருக்கவிட்டு, செய்யவேண்டியதைச் செய்.

தமிழர்கள் எழுப்பக்கூடிய வலுவான ஆட்சேபம் வேறொன்று. நம் ஒப்பாரி கொட்டித் தீர்ப்பதுதானே? இழவு வீட்டில் வாய்விட்டு அழுதவர் தேறுகிறார், அழாதவர் உறைந்துபோகிறார் என்று நம் முன்னோர் அறிந்திருக்கவில்லையா? ஒப்பாரியைக் கூர்ந்து கவனித்தால் அது என் பக்கத்துச் சாட்சி. பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாக உட்காருகிறார்கள். தலை சாய்கிறது, உடல் ஒரு தாளத்தில் அசைகிறது, மெட்டு தொடங்குகிறது, இறந்தவரின் அருமை வரிசையாகச் சொல்லப்படுகிறது. வந்து உட்கார்ந்தபோது கண் கலங்காதவருக்கும் அந்த அணைப்பிலும் மெட்டிலும் அழுகை வருகிறது. இங்கே செயல் முன்னே நடக்கிறது, உணர்ச்சி அதன் பின்னே வருகிறது. அழுகைக்கு வடிவமும் துணையும் எல்லையும் இருக்கின்றன. அதற்குப் பிறகு சடங்குகள் துக்கப்பட்டவரைச் சும்மா விடுவதில்லை; எடுப்பு, காடாற்று, பதினாறாம் நாள் கருமாதி என்று ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்றைச் செய்யவைத்து அவரை மெல்ல வாழ்வின் பக்கம் திருப்பிக் கொண்டுவருகின்றன. துக்கத்தில் ஒருவரைத் தனியே உட்காரவைத்து நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் கொட்டவைக்கும் நவீன முறை ஒன்றும் இருந்தது. விபத்தையும் பேரிடரையும் கண்டவர்களுக்கு உடனடியாகத் தரப்பட்ட அந்த ஒற்றை அமர்வு பிற்கால அதிர்ச்சி நோயைத் தடுக்கவில்லை என்றும், சிலருக்குத் தீங்காகவும் முடிந்திருக்கலாம் என்றும் காக்ரேன் மதிப்பாய்வு காட்டியது. ஒப்பாரி வேலை செய்வதும் அந்த ஒற்றை அமர்வு தோற்பதும் ஒரே காரணத்தால்தான். பேச்சோ அழுகையோ தன்னளவில் மருந்தில்லை. அது மனிதரைப் பிற மனிதரோடும் அடுத்த நாளோடும் கட்டிப்போடும்போதுதான் மருந்தாகிறது.

கடைசி ஆட்சேபம் நியாயத்தைப் பற்றியது, அதையே நான் கனமானதாக மதிக்கிறேன். “நடத்தையை மாற்றிக்கொள்” என்பது நம் சமூகத்தில் யாரிடம் சொல்லப்படுகிறது? அடிவாங்கும் மனைவியிடம் “பொறுத்துப் போ” என்று, அவமதிக்கப்படும் ஊழியரிடம் “சிரித்துக்கொண்டே வேலை செய்” என்று. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த ஆர்லி ஹாக்ஷில்ட், புன்னகையையும் விலைக்கு வாங்கும் வேலை அவர்களைத் தங்கள் உணர்ச்சியிடமிருந்தே எப்படி அந்நியப்படுத்தியது என்று 1983இல் எழுதினார். இந்தக் கொடுமைக்கு என் வாதத்தில் ஒரு துளி இடமும் கிடையாது. எதிர்ச்செயலுக்கு முன்னால் வைக்கப்பட்ட கேள்வியை நினைவில் வைக்கவேண்டும்: உணர்ச்சி உண்மைக்குப் பொருந்துகிறதா? பொருந்தும் கோபத்துக்கு எதிர்ச்செயல் தேவையில்லை. அங்கே மாறவேண்டியது சூழ்நிலை. அதை மாற்றும் செயலே செய்யவேண்டிய செயல். அதோடு ஒன்றைக் கவனியுங்கள். அநியாயத்துக்கு வசதியானது கொட்டித் தீர்க்கும் கொள்கைதான். சம்பளத்தைப் பிடித்துவைக்கும் முதலாளியைப் பற்றி டீக்கடையில் தினமும் ஆத்திரம் தீரத் திட்டுபவர்களால் அந்த முதலாளிக்கு ஒரு கேடும் வந்துவிடாது. நிதானமாக நாள், தேதி, தொகை எல்லாம் குறித்து மனு எழுதி, பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி, தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகிறவரிடம்தான் அவருக்குப் பயம். அவருடைய கோபம் கரைந்துபோகவில்லை, காலைக் கண்டுபிடித்து நடக்கத் தொடங்கியிருக்கிறது. அடிவாங்குபவர் செய்யவேண்டிய செயலும் பொறுத்துப்போவதல்ல. வெளியேறுவதும் புகார் கொடுப்பதும் துணை தேடுவதும்தான்.

இன்னொரு தவறான புரிதலையும் விலக்கவேண்டும். சோர்ந்து கிடப்பவரிடம் “எழுந்து வேலையைப் பார், எல்லாம் சரியாகிவிடும்” என்று அதட்டுவது இந்தச் சிகிச்சை ஆகாது. அதட்டல் அவருக்கு இன்னொரு தோல்வியைத்தான் தரும். கோவாவில் அந்த உள்ளூர்ப் பணியாளர்கள் செய்தது வேறு: கூட உட்கார்ந்து, நாள் எப்படிப் போகிறது என்று கேட்டு, எந்தச் செயலுக்குப் பின் மனம் எப்படி இருந்தது என்று சேர்ந்து பார்த்து, முடியக்கூடிய அளவுக்குச் சிறியதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடுத்தமுறை வந்து விசாரிப்பது. செய்யமுடியாமல் போனால் நோயாளியைக் குறைசொல்லாமல் செயலை இன்னும் சிறிதாக்குவது. மாத்திரை தேவைப்படுபவருக்கு மாத்திரை வேண்டும். உயிரை விடும் எண்ணம் வந்தவருக்கு உடனே மருத்துவர் வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். நடத்தை மாற்றம் இவற்றோடு தோளோடு தோள் நிற்கும், இவற்றைத் தள்ளிவிடாது. மனநல மருத்துவர்கள் மிகக் குறைவாக உள்ள நம் நாட்டில், சாதாரண மனிதர்களும் பழகிக்கொண்டு தரக்கூடிய சிகிச்சை ஒன்று இருக்கிறது, அது சோதிக்கப்பட்டிருக்கிறது என்பதே எவ்வளவு பெரிய செய்தி! அதை விட்டுவிட்டு “கொட்டு” என்றும் “காத்திரு” என்றும் சொல்லிக்கொண்டிருப்பது, கைக்கெட்டிய மருந்தைப் பரணில் ஏற்றிவைப்பதாகும்.

ஆகவே கோபத்தில் கொதிப்பவரிடம் இனி “கொட்டிவிடு” என்று சொல்லாமல், கூட எழுந்து, தெருமுனைவரை மெதுவாக ஒரு நடை போய்வரலாம். பேசவேண்டியதை ஆறியபிறகு, பேசவேண்டியவரிடமே பேசச் சொல்லலாம். அஞ்சுபவரிடம் “பயம் போனதும் வா” என்று சொல்லாமல், முதல் நாள் தெருமுனை, மறுநாள் இரண்டு வீடு தள்ளி என்று பக்கத்தில் நடக்கலாம். படுத்துக் கிடக்கும் அந்தப் பெண்ணிடம் “மனசு சரியாகட்டும்” என்பதற்குப் பதிலாக, ஒரு தாளில் அவளோடு சேர்ந்து ஒரே ஒரு வரி எழுதலாம்: நாளை காலை ஆறரை மணி, வாசல் தெளிப்பது, முடிந்தால் நாலு புள்ளி வைத்து ஒரு சின்னக் கோலம். அவளுக்கு விருப்பம் வரும் என்று எதிர்பார்க்கவேண்டாம், அநேகமாக வராது. விருப்பமில்லாமலே அவள் குனிந்து நான்கு புள்ளி வைக்கும்போது எதிர்வீட்டுக் கதவு திறக்கும், “என்னம்மா, ரொம்ப நாளா ஆளையே காணோம்?” என்று ஒரு குரல் கேட்கும். அவள் மனம் அன்றைக்கு மாறிவிடாது. ஆனால் மாறுவதற்குத் தேவையான முதல் பொருள் அதன் கையில் வந்து சேர்ந்திருக்கும்.